அரை உயரக் கார்டுக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் எத்திராஜுக்குக் கோபம் என்பதே வராது. அவருக்கும் சேர்த்து நானே கோபப்படுகிறேன் என்று எங்கள் ஆந்திர எல்லை ஊரான சத்தியவேட்டில் சொல்வார்கள். சொல்லட்டும், பொய்யில்லை. அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒரு நாள் அரைப் பகல் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அவருடைய அப்பா கங்கையா பிச்சாட்டூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மகன் டிகிரியில் கோட்டை விட்டதும், "வந்து மாட்டைப் புடி" என்றார். இவர் மாட்டைப் பிடிக்காமல் திருப்பதி பஸ்ஸைப் பிடித்தார். ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸ். அது தொண்ணூற்றெட்டு. தெருவுக்கு ஒரு பிள்ளை அமெரிக்கா போய்க்கொண்டிருந்த நேரம். பிள்ளை போன வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வரும். அதில் கேமரா மாட்டி, அம்மா அப்பாவுக்குப் பிள்ளையின் முகத்தைத் திரையில் வரவழைத்துக் கொடுப்பதுதான் இவருடைய முதல் வேலை.

கல்யாணமான புதிதில் வந்து சொல்வார்: "எம்மாம் பெரிய வூடு தெரியுமா பத்மினி? உள்ள ரெண்டே பேரு. வேலை முடிஞ்சாலும் உட மாட்டேன்றாங்க. 'கூர்ச்சோ பாபு, கூர்ச்சோ'ன்னு உக்கார வெச்சி காபி மேல காபி குடுத்துகினே இருக்காங்க."

"ஓசிக் காபின்னா உனக்குக் கசக்குமா?" என்று நான் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

பிறகு சத்தியவேடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சொந்தமாகக் கடை போட்டார். ஒரே மகள் கலைவாணி. அவள் இன்ஜினியரிங் சேர்ந்தபோது, சென்னையில் மூடிய ஏதோ ஆபீஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். பழசு. புடவை அட்டைப் பெட்டி அளவுதான் இருக்கும். அதற்கு நான் தைத்த உறை இன்னும் இருக்கிறது.

படிப்பின் கடைசி வருடம், ஆயுத பூஜை சமயம். பூனாவில் ஒரு கம்பெனி கலைவாணியைப் பூர்வாங்கமாகத் தேர்வு செய்து, ஒரு மெஷின் பாகத்தை முப்பரிமாணத்தில் வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். காலேஜ் லேப் தசரா லீவில் பூட்டிக் கிடந்தது. வீட்டுப் பெட்டியில் அந்தப் படத்தைக் கொஞ்சம் திருப்பினாலே போதும், திரை அப்படியே நின்றுவிடும்.

"கிராபிக்ஸ் கார்டு போட்டா ஓடும் நைனா" என்றாள் அப்பாவிடம்.

போடலாம்தான். ஆனால் சின்னப் பெட்டி. அரை உயரக் கார்டுதான் உள்ளே நிற்கும், அதுவும் தனிக் கரண்டு ஒயர் கேட்காததாக இருக்க வேண்டும். அப்போது பெரிய கார்டே எங்கும் ஸ்டாக் இல்லை. மனுஷன் ஒரு கல்யாணப் பத்திரிகையை உயரத்துக்கு அளந்து வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திருப்பதியில் கடை கடையாக ஏறி இறங்கினார். "பெட்டியையே மாத்திடுங்க" என்று எல்லோரும் கையை விரித்தார்கள். கடைசியில் ஒரு கடைக்காரர் அடி டிராயரைக் கிளறி ஒன்றை எடுத்தார். பத்திரிகையை வைத்துப் பார்த்தால் கச்சிதம்.

வியாழக்கிழமை பூஜை. எங்கள் வீட்டில் பூஜையில் வைத்த சாமானை மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுப்போம். கார்டையும் ஸ்க்ரூடிரைவரோடு சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். புதுச் சாமானாச்சே, பொட்டில்லாமல் வைப்பதா? கார்டின் உறையைப் பிரித்தேன். எங்கே பார்த்தாலும் முள்ளு முள்ளாக இருந்தது. அடி ஓரத்தில் மட்டும் தங்க நிறத்தில் வழவழவென்று ஒரு விளிம்பு. மஞ்சளைக் குழைத்து மூன்று பொட்டு அங்கேயே வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். செல்லியம்மனிடம் என்ன வேண்டிக்கொண்டேன்? பக்கத்திலிருக்கும் ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையிலேயே இவளுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும், காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் வாசலில் இறக்கிவிடட்டும் என்று. பூனா என் வாயில் வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தேங்காய் உடைத்தோம். அவர் கார்டை எடுத்த வேகத்தில் பெட்டியில் செருகி, திரையின் ஒயரை அதில் மாற்றி, சுவிட்சைப் போட்டார். கீச் கீச் என்று சத்தம்தான் வந்தது. திரை கருப்பு. கார்டைக் கழற்றினால் பெட்டி ஓடுகிறது, மாட்டினால் கருப்பு.

இரண்டாம் தடவை கழற்றியபோதுதான் நான் பார்த்தேன். தங்க விளிம்பில் என் மஞ்சள். ஐயோ என்று வந்தது. இருபது வருடம் கடையில் உட்கார்ந்தவள் நான். கரண்டு ஓடும் அந்தத் தங்கப் பல்லில் விரல் பட்டாலே இவர் வாடிக்கைக்காரரைத் தடுப்பது எனக்குத் தெரியும். பூஜை நினைப்பில் புத்தி எங்கே போயிற்றோ! சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மனே வழி காட்டிவிட்டாள் என்று மனசுக்குள் ஒரு கள்ளக் குரல்.

மதியம் வரை அவர் மாட்டினார், கழற்றினார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கலைவாணி எழுந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. வரைந்து வைத்த தாள்களை அடுக்கி பீரோ மேல் போட்டாள்.

"போனாப் போவுது நைனா. ஸ்ரீசிட்டியிலயே எங்கனா போறேன். ஒண்ணும் கொறஞ்சிடாது" என்றாள்.

நான் வேண்டியது அட்சரம் பிசகாமல் அவள் வாயிலேயே வந்துவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான்டி பாவி! அதுல மஞ்ச வெச்சிட்டேன்டி!" என்று கத்திவிட்டேன்.

"அதான் விஷயமா?" என்றார் அவர். சட்டைப்பையிலிருந்து பென்சில் அழிக்கிற ரப்பரை எடுத்துப் பல்லைத் தேய்த்து, ஊதி, மறுபடி செருகினார். திரையில் வெளிச்சம் வந்தது. கலைவாணி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். சனிக்கிழமை நாலு மணிக்கே படம் பூனாவுக்குப் போய்விட்டது. படிப்பு முடிந்ததும் அவளும் போனாள். பிறகு ஜெர்மனிக்கு.

போன ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன்: "அன்னிக்கி நான் சொல்லாம இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காது. மொத தபா கழட்டினப்பவே மஞ்சளைப் பாத்துட்டேன்."

"பாத்தியா? அப்பால ஏன்யா மத்தியானம் வரைக்கும் அத்த மாட்டிகினும் கழட்டிகினும் இருந்த? பொண்ணு அழுவறது கண்ணுக்குத் தெரியலியா உனக்கு?"

மனுஷன் துணியால் பெட்டியையே துடைத்துக்கொண்டிருந்தார். "திருப்பதியில எத்தினி வூட்ல ரெண்டே பேருக்குக் கேமரா மாட்டியிருப்பேன் பத்மினி" என்றார். "அந்த ரப்பர் காலையிலேருந்து என் பாக்கெட்லதான் இருந்துச்சி. கை போவல."

அதற்குள் கலைவாணி கூப்பிடும் நேரமாகிவிட்டது. அவர் திரை மேலிருந்த கேமராவைத் துடைத்து நேராக வைத்தார். இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம்.