சிவராசா அண்ணையின் மரண விசாரணை

இன்று காலையில் இருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

என் சித்தப்பா லண்டனுக்கு வந்த மறுவருடமே செவன் கிங்ஸ் பகுதியில் ஒரு மாடி ஜன்னலில் இருந்து விழுந்து இறந்தார். தவறி விழுந்தாரா, தானாகக் குதித்தாரா என்று அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. பதிவைப் பார்த்தால் தெரியும் என்று மரண விசாரணை அலுவலகத்துக்குப் போனேன்.

சித்தப்பாவின் பெயரில் யாருமே இறக்கவில்லை என்றாள் அங்கிருந்த பெண்.

அப்போதுதான் உறைத்தது. சித்தப்பா வந்தது எங்கள் ஊர்க்காரர் சிவராசா அண்ணையின் பாஸ்போர்ட்டில். கூட இருந்த பொடியள் பொலிசுக்கும் அந்தப் பெயரைத்தான் கொடுத்திருப்பார்கள்.

அந்தப் பெயரைச் சொன்னேன். பதிவு இருந்தது. ஆனால் இறந்த சிவராசாவின் நெருங்கிய உறவினர் வந்து கேட்டால்தான் தருவார்களாம்.

உண்மையான சிவராசா அண்ணை லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற இடத்தில் கடை வைத்திருக்கிறார். வீடு போகும்வரை பொறுக்க முடியாமல், தெருமுனையிலேயே நின்று போனில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.



"அப்ப நான் செத்துப்போனனோ?" என்றார்.

பிறகு, "என்ர மனிசியைக் கூட்டிக்கொண்டு வாறன், பிள்ளை. அவ கேட்டால் தரமாட்டம் எண்டு சொல்ல ஏலாதுதானே" என்றார்.

திங்கட்கிழமை இறந்தவரும் அவருடைய விதவையும் அலுவலகத்துக்கு வருகிறார்கள். அப்பாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் குழுவில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் யார், யாருடைய பெயரில் செத்திருக்கிறார்கள்?