கத்தக் கூடாத சொல்

சவூதியின் அல் கோபாருக்கு நான் குடும்பத்தோடு வந்து சேர்ந்தபோது கூடைப்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, பந்து வளையத்துக்குள் விழ வேண்டும் என்பது மட்டுமே. தமிழ் படித்துவிட்டுக் கப்பல் சரக்கு அலுவலகத்தில் பிழைக்க வந்தவனுக்கு அதற்கு மேல் தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்த ஆட்டத்தில் எனக்குப் பித்துப் பிடித்ததற்குக் காரணம் எதிர்வீட்டுக்காரர்.

அவர் மதுரைப் பக்கத்தவர். நகரத்து விளையாட்டுக் கழகம் ஒன்றின் கூடைப்பந்து அணியில் இயன்முறை மருத்துவர், எல்லாருக்கும் ‘பிசியோ’. மகள் பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் இந்த நாட்டில் இருப்பதற்கான உரிமை அந்தக் கழகத்தைச் சார்ந்தே இருந்தது. மகள் பள்ளிப் படிப்பை முடிக்க இந்த ஆட்டப் பருவம் போக இன்னும் ஒன்று வேண்டும். அதுவரை அணி நிலைத்துவிட்டால் போதும் என்பது அவருடைய ஒரே வேண்டுதல். கழகத்தார் நேசித்தது கால்பந்தைத்தான். கூடைப்பந்து அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கினால் அந்தப் பகுதியையே மூடிவிடுவோம் என்று மேலாளர் பருவத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். சொன்னபோது சிரித்தாராம். அந்தச் சிரிப்பை எதிர்வீட்டுக்காரர் என்னிடம் பலமுறை நடித்துக் காட்டினார்; ஒருமுறையும் அவரால் அதைச் சரியாகச் சிரிக்க முடியவில்லை.

அணி தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைவிடவும் என்னை அச்சுறுத்தியவை அரங்கில் ஒவ்வொன்றாகத் தோன்றிய சிறு மாற்றங்கள். குளிரூட்டிகளில் ஒரு பாதி ஓய்ந்தது. ஆட்டக்காரர்களின் படங்கள் சுவரிலிருந்து கழற்றப்பட்டன. ஆணிகள் மட்டும் நின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த வலுவான ஆட்டக்காரர் விடுமுறையில் ஊருக்குப் போனார், திரும்பவில்லை. ஒருநாள் உடைமாற்றும் அறைக்குள் கால்பந்துக் காலணிகளின் அட்டைப் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கப்பட்டிருந்தன.

“இடம் இல்லைன்னு வெச்சிருக்காங்கண்ணே, ரெண்டு நாள்ல எடுத்துருவாங்க” என்றார் எதிர்வீட்டுக்காரர். பெட்டிகள் பெருகின.

எங்கள் பக்கத்து இருக்கைகளில் விடுமுறை மாலைதோறும் தொழிலாளர் முகாமிலிருந்து ஒரு கூட்டம் வந்து அமரும். இராமநாதபுரம், அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். நுழைவு இலவசம் என்பதாலும் அறையைவிடக் குளிர்ச்சி என்பதாலும் வரத் தொடங்கியவர்கள் என்னைப் போலவே அணியின் மீது பற்று வைத்துவிட்டார்கள்.

அணியில் மிக உயரமான உள்ளூர் இளைஞன் ஒருவன் இருந்தான். குறி தவறாத கை. ஆனால் பந்து கிடைத்தால் அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, எய்வதா வேண்டாமா என்று ஆராய்ந்து நிற்பான். அயல்நாட்டுப் பயிற்சியாளர் ஓரத்திலிருந்து “ரிலீஸ்! ரிலீஸ்!” என்று தொண்டை கிழியக் கத்துவார். பந்தை விடு என்பது அவர் பொருள். எங்கள் இருக்கைகளில் அச்சொல் வேறாக விளங்கியது.

“யோவ், பந்தையும் பாஸ்போர்ட் மாதிரி பூட்டி வெச்சிருக்கான்யா!” என்று எழுந்தார் முகாம்காரர்களில் மூத்தவர். “ரிலீஸ் குடு கஃபீலு!”

கஃபீல் என்பவர் நம்மை இங்கே வேலைக்கு வரவழைத்து, கடவுச்சீட்டையும் வாங்கி வைத்திருப்பவர். அவர் மனமுவந்து விடுவித்து, வேறிடத்தில் வேலை பார்க்க இசைவதுதான் ரிலீஸ். அன்றிலிருந்து அந்த இளைஞனுக்குக் கஃபீல் என்றே பெயர் விழுந்தது. பந்து அவன் கைக்குப் போகும்போதெல்லாம் எங்கள் பக்கம் முழுவதும் “ரிலீஸ்! ரிலீஸ்!” என்று ஒரே குரலாய் முழங்கும். அவனும் சிரித்துக்கொண்டே எய்வான். அவ்வாறு எய்தவை பெரும்பாலும் விழுந்தன. இரண்டு ஆட்டங்களில் வென்றோம். நம்பிக்கை என்னும் அந்தக் கொடிய நோய் எங்களைப் பற்றிக்கொண்டது.

ஆட்டக்காரர்களின் பெஞ்சில் அமர்ந்திருந்த எதிர்வீட்டுக்காரர் மட்டும் ஒவ்வொரு முழக்கத்துக்கும் தோளைக் குறுக்கிக்கொள்வதைக் கண்டேன். மறுநாள் மாடிப்படியில் என் கையைப் பற்றினார்.

“அண்ணே, அந்த வார்த்தைய மட்டும் கத்த வேணாம்னு சொல்லுங்கண்ணே. விசா ஆடிக்கிட்டு இருக்கிற நேரத்துல நம்ம ஆளுங்க வாயாலயே அதக் கேக்கணுமா? ரிலீஸ் வாங்கி யாரு இன்னொரு வேலையில நின்னிருக்கா?”

சட்டம் மாறிவிட்டது, முன்போல் இல்லை என்று செய்தித்தாள்கள் எழுதியிருந்தன. சொற்களின் மீதான அச்சம் சட்டத்தோடு மாறுவதில்லை. இன்னொரு சொல் இருந்தது: எக்ஸிட். அதைக் கடவுச்சீட்டில் அடித்துவிட்டால் வேறிடம் தேட வழியில்லை, ஊருக்குத்தான். அச்சொல்லை அவர் ஒருமுறையும் உச்சரித்ததில்லை. விளக்கை அணைக்கச் சொல்ல அஞ்சிக் குளிர வைக்கச் சொல்வதை இலக்கணம் மங்கல வழக்கு என்னும். அவர் ரிலீசைச் சொல்லி எக்ஸிட்டை மறைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் புரிந்தது.

மாற்றுச் சொல் ஒன்று தருவது என் கடமை என்று கருதினேன். அடுத்த ஆட்டத்துக்கு முன் முகாம்காரர்களிடம் நிலைமையைச் சொல்லி, “‘எறி’ என்று கத்துவோம். தமிழாகவும் இருக்கும், பொருளும் பொருந்தும்” என்றேன்.

“எரியா?” என்றார் மூத்தவர்.

“எறி. வல்லின றகரம்.”

“சார், உங்க ற எங்க வாயில ஏறாது. நாங்க எரி எரின்னு கத்துனா தீயணைப்பு வண்டிதான் வரும்.”

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆயினும் எனக்காக அன்று அதையே கத்தினார்கள். அரங்கம் முழுவதும் “எரி! எரி!” என்றே எதிரொலித்தது. இரண்டாம் பாதியில், எஞ்சி ஓடிக்கொண்டிருந்த குளிரூட்டிகளில் ஒன்றிலிருந்து கருகிய கம்பியின் நாற்றம் எழுந்தது. மெல்லிய புகை வளையத்துக்கு மேலே படர, ஆட்டத்தை நிறுத்தினார்கள். பெருந்தீங்கு ஒன்றுமில்லை. மீண்டும் தொடங்கிய ஆட்டத்தில் படுதோல்வி அடைந்தோம். திரும்பி நடக்கையில் ஒருவரும் என்னைக் குறை கூறவில்லை.

இறுதி ஆட்டம் வந்தது. வென்றால் முதற்பிரிவில் நிலைப்போம், தோற்றால் இறங்குவோம். அன்று காலை முதலே புழுதிக்காற்று. வானம் துருவேறிய தகரம்போல் இருந்தது. எதிரணியினர் முரசுகளோடு பேருந்துகளில் வந்திறங்கினர். முகாம்காரர்கள் வாயைத் துணியால் மூடிக்கொண்டு நடந்தே வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் மூத்தவர் எழுந்து தம் ஆட்களைப் பார்த்துச் சொன்னார்:

“டேய், நல்லாக் கேட்டுக்கங்க. இது நம்ம ஊர்க்காரர் விசா. அந்த வார்த்தையும் வேணாம், சாரோட வார்த்தையும் வேணாம். வாயத் தொறந்தா கை மட்டும் தட்டுங்க.”

“வாயத் தொறந்து எப்பிடிண்ணே கை தட்டுறது?” என்றான் ஒருவன்.

“மூட்றா.”

அந்த அன்புக்கு நிகரான ஒன்றை நான் இந்த ஊரில் அதிகம் கண்டதில்லை. அவர்கள் சொன்னபடியே இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து திரும்பி எங்களை நோக்கி நெஞ்சில் கைவைத்தார்.

ஆட்டம் இழுபறியாய்ச் சென்றது. முடியும் தறுவாயில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து கஃபீலின் கைக்கு வந்தது. வளையத்துக்கு எதிரே, தடுப்பார் இல்லாத இடத்தில் நின்றான். பந்தைத் தலைக்கு மேல் உயர்த்தினான். பயிற்சியாளரின் வாய் அசைவது தெரிந்தது. எதிரணியின் முரசொலியில் குரல் எழவில்லை. அப்போது அவன் ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்தான். பழகிய முழக்கத்தை எதிர்பார்த்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது. நாங்கள் பற்களைக் கடித்து, உள்ளங்கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு, அவனுக்காக ஓசையின்றி வேண்டிக்கொண்டிருந்தோம்.

அவன் எய்தான். பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கியது. ஆனால் முடிவைக் குறிக்கும் ஊதொலி அதற்கு முன்பே, பந்து அவன் விரல்களை விட்டு விலகுமுன்பே, எழுந்துவிட்டது. புள்ளி செல்லாது என்று நடுவர் இரு கைகளையும் குறுக்கே வீசினார்.

முரசுகள் நின்ற பிறகும் நாங்கள் எழவில்லை. ஆட்டக்களத்தின் மறுகோடியில் மேலாளர் எதிர்வீட்டுக்காரரின் தோளில் கைவைத்து ஏதோ சொல்வதைக் கண்டோம். நீண்ட பேச்சன்று. எதிர்வீட்டுக்காரர் ஏதோ கேட்டார். மேலாளர் தலையசைத்து, சிரித்து, நகர்ந்தார். அந்தச் சிரிப்பை அப்போதுதான் நேரில் பார்த்தேன்.

அவர் தம் மருந்துப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிகளில் ஏறி வந்தார். எங்களுக்குக் கீழ்ப்படியில் அமர்ந்தார்.

“பிசியோ, போகட்டும் விடுங்க” என்றார் மூத்தவர். “ரிலீஸ் குடுப்பாங்கல்ல? தம்மாம்ல எத்தனை ஆஸ்பத்திரி இருக்கு. நானே விசாரிக்கிறேன்.”

“கேட்டேன். ரிலீஸ் இல்லையாம்.”

“அப்புறம்?”

“எக்ஸிட் அடிக்கச் சொல்லிட்டாங்களாம். மூணு பேருக்கும்.”

அச்சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை என்றார். புதிய வகுப்புப் புத்தகங்களுக்கு அவள் நேற்றுத்தான் அட்டை போட்டாளாம். பிறகு களத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். வளையத்தின் கீழ்க் கிடந்த பந்தை எவரும் எடுக்கவில்லை.

“அண்ணே” என்றார், திரும்பாமலே. “இப்பக் கத்தச் சொல்லுங்கண்ணே, அந்த வார்த்தைய. ஒரே ஒரு தரம்.”

மூத்தவர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

அரங்கப் பணியாள் விளக்குகளை ஒவ்வொரு வரிசையாகக் குளிர வைத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். கடைசி வரிசையும் இருண்டது. வாயிலின் மேல் ‘எக்ஸிட்’ என்னும் பச்சை எழுத்துகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. வெளியேறுவதற்கு வேறு வழி இல்லாததால், அவற்றின் கீழேதான் நாங்கள் எல்லாரும் நடந்து போனோம்.