இருபத்திரண்டாவது தலை

தர்மபுரியில் பேய்ச் சுற்றுலா பஸ் ஒன்றில் நான் கைடு. ஒவ்வொரு இடமாகக் காட்டி, மைக்கில் கதை சொல்லி ஆட்களைப் பயமுறுத்துவதுதான் வேலை.

அன்று சாயங்காலம் டீக்கு நிறுத்திக் கிளம்பியதும் வழக்கம்போல் தலை எண்ணினேன். இருபத்தொன்று இருக்க வேண்டும், இருபத்திரண்டு வந்தது. மறுபடி எண்ணினேன். அதே இருபத்திரண்டு. பேய்க்கதை சொல்லியே பிழைக்கிற எனக்கே பயம் வந்துவிட்டது.

அதற்குள் இண்டூர் ரோட்டுப் பாழுங்கிணறு வந்துவிட்டது. டிரைவர் வழக்கப்படி உள்விளக்குகளை அணைத்தார். "இந்தக் கிணத்துல செத்த பொண்ணு, இன்னும் இருட்டுல ஆள் தேடி அலையுறா" என்று நடுங்கும் குரலில் ஆரம்பித்தேன். அலைகிறாள் என்பது நானே சேர்த்தது.

கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "லைட்டப் போடுங்க தம்பி."

டிரைவர் போட்டார். மடியில் காய்கறிப் பையுடன் ஓர் அம்மா. டீக்கடையில் எங்கள் பஸ்ஸை ஊர் பஸ் என்று நினைத்து ஏறியிருக்கிறார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்துக்கூட விட்டேன்.

"அவ எம்பொண்ணுங்க. தண்ணி எடுக்கப் போயி வழுக்கி வுழுந்துட்டா. அவ யாரையும் பயமுறுத்த மாட்டாங்க. இருட்டுன்னா அவளுக்குத்தான் பயம். வூட்ல ராத்திரி லைட்ட அணைக்கவே வுட மாட்டா."

அவரை வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டோம்.

இப்போதும் அந்தக் கிணற்றருகே பஸ்ஸை நிறுத்துகிறோம். எல்லா விளக்கையும் போடச் சொல்கிறேன். "இங்க என்ன சார் கதை?" என்று கேட்கிறார்கள்.

"இங்க ஒரு பொண்ணுக்கு இருட்டுன்னா பயம்" என்கிறேன்.