நரிக்குடிக்கும் மாறிய கிழமை

அருப்புக்கோட்டையில் ஒரு குழந்தை மருத்துவமனைக்கு, தடுப்பூசி நாளைத் தாய்மாருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் பைத்தான் மொழி நிரலை வீட்டிலிருந்தே எழுதிக் கொடுத்தேன். ஊருக்கு ஊர் கிழமை மாறலாம்; தொடக்கத்தில் எல்லா ஊருக்கும் செவ்வாய். ஊர், கிழமை விவரங்களையெல்லாம் நிரலில் கிளாஸ் எனப்படும் ஒரே வார்ப்பு அச்சில் வைத்தேன்; அதிலிருந்து ஊருக்கு ஊர் தனிப் பட்டியல் உருவாகும் என்று நம்பினேன். ஆனால் பட்டியலை அச்சிலேயே எழுதிவிட்டதால், எல்லா ஊர்களும் அதையே பகிர்ந்துகொண்டன; ஒரு ஊருக்கு மாற்றினால் எல்லாவற்றுக்கும் மாறிவிடும். பத்து முறை சரிபார்த்தேன். பத்து முறையும் ஒரே ஊரை வைத்துத்தான்.

ரெட்டியபட்டிக்கு மட்டும் வியாழன் என்று மாற்றிய வாரம், அந்த வியாழனன்று, காய்ச்சலில் இருந்த என் மகளைத் தூக்கிக்கொண்டு அந்த மருத்துவமனைக்குப் போயிருந்தேன். நரிக்குடியிலிருந்து கைக்குழந்தையோடு வந்த பெண்ணிடம் நர்ஸ் சொன்னார்: "ஒங்க ஊருக்குச் செவ்வாக்கெழமல்ல? இன்னைக்கு மருந்து ரெட்டியபட்டிக்கு எண்ணி எடுத்தது."

அவள் போனைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை. "நாந்தான் சரியாப் படிக்கலபோல. படிச்சவளுக்குக் கெழம பாக்கத் தெரியலன்னு எங்கத்தை வைவாக."

பேசாமல் வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன். பிறகு, "தப்பு ஒங்க மேல இல்ல. அந்த மெசேஜு அனுப்புற புரோகிராம எழுதுனது நான்தான்" என்றேன்.

அவள் திட்டவில்லை. மாமியாருக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினாள். "அப்ப அத நீங்களே சொல்லிருங்கக்கா."

சொன்னேன். "ஏத்தா, ஒனக்கும் புள்ள இருக்கா?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மா.

"இருக்கும்மா."

அன்றே கிளாஸைத் திருத்தினேன். ஆனால் என் பிழைக்காக இன்னொருத்தி தன்னையே சந்தேகப்பட்டு நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.