பத்தொன்பதாம் அத்தியாயத்துக்கு என்ன சொல்றீங்க?

“எந்தப் பக்கத்துல இருக்கீங்க?” என்று கேட்டபடியே பயணச்சீட்டைக் கிழித்து நீட்டுவார் ஒந்தினா. கேட்கப்பட்டவர் பேருந்தில் ஏறி இன்னும் கம்பியைக்கூடப் பிடித்திருக்க மாட்டார். அவர் கக்கத்தில் இருக்கும் தடித்த கறுப்பு அட்டைப் புத்தகம் ஒந்தினாவின் கண்ணில் பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

“பத்தொன்பதாம் அத்தியாயம் தாண்டிட்டீங்களா? தாண்டியிருந்தா இப்படி என் பக்கத்துல உக்காருங்க. இல்லேன்னா பின்னாடி போயிடுங்க. என் வாயில எதுவும் நிக்காது.”

அந்தப் புத்தகம் ‘ஊமை மதகு’. மூன்று பாகமாக வரவேண்டிய ‘உப்புக் கல்லறை’யில் நடுப் பாகம். மூன்றாவது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் தலைநகர் மொந்தேவிதேயோவில் பாதிப் பேர் அதைச் சுமந்துகொண்டுதான் திரிந்தோம்.

ஒந்தினா கசேலா என்ற அந்த அம்மாளுக்கு ஐம்பத்து நான்கு வயது. கதவோரம் இருக்கும் நடத்துநர் இருக்கையில் இருபத்திரண்டு ஆண்டுகள். உட்கார்ந்திருந்தாலும் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். மாத்தே என்ற இலைப்பானத்துக்கான வெந்நீர்க் குடுவையைத் திறப்பார், ஊற்ற மறந்து மூடுவார். கடைசி நிறுத்தத்தில் மற்றவர்கள் புகைபிடிக்க, இவர் பேருந்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார்.

கருத்துகளுக்குக் குறைவே இல்லை. “முந்நூறு பக்கம் நடக்கறாங்க, நடக்கறாங்க, ஒரு ஊரும் வந்து சேரல” என்றார் ஒரு செவிலி. “அந்தக் கொள்ளைநோய் ராஜா வாயைத் திறந்தா எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது” என்றார் ஒரு கணக்கு வாத்தியார். “முதல் புத்தகத்துல பாதி ருசிகூட இல்லம்மா. மூணாவதுக்கு வழிவிட ஒரு புத்தகம்” என்றார் இறைச்சிக் கடைக்காரர். ஒந்தினா எல்லாவற்றையும் கையால் தள்ளுவார்.

“அதெல்லாம் இருக்கட்டும். பத்தொன்பதாம் அத்தியாயத்துக்கு என்ன சொல்றீங்க?”

அந்த அத்தியாயத்தில் இர்வா என்ற அக்காள், நடக்க முடியாத தன் தம்பி சாவெனைக் கொள்ளைநோய் ராஜாவின் கோட்டை வாசலில் ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். அவனைக் கொடுத்தால்தான் நகரம் பிழைக்கும். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

சனிக்கிழமை மாலைகளில் ஒந்தினாவையும் சேர்த்து நாங்கள் எட்டுப் பேர் ஒரு மாடி அறையில் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். வாசகர்கள் நட்சத்திரம் போடும் இணையப் பக்கத்தில் ஒந்தினா இந்தப் புத்தகத்துக்கு ஒன்று போட்டிருந்தார். மறுநாள் நான்கு. அடுத்த வாரம் இரண்டு. “நீங்க என்ன, வானிலை அறிக்கையா வாசிக்கறீங்க?” என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரிக்க மாட்டார்.

எங்களுக்குக் குளிர்காலமான ஜூலையில் ஒரு சனிக்கிழமை நல்ல மழை. மழைக்கென்றே பொரிக்கும் மாவு ரொட்டி தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஏபெர் வாயில் ரொட்டியோடு சொன்னார்: “இர்வா ஒரு கோழை. கூடப் பொறந்தவனை வாசல்ல விட்டுட்டுப் போறவ மனுஷியா? ஒரு தடவை திரும்பிப் பாத்தாளா?”

“திரும்பிப் பாத்தா அவளால போயிருக்க முடியுமாய்யா?” ஒந்தினா எழுந்துவிட்டார். “நீ யாரையாவது அப்படி விட்டுட்டு வந்திருக்கியா? கப்பல்ல சூப்பு கிண்டினவனுக்கு என்ன தெரியும்?”

அன்று காலையில்தான் மறுபடி ஒரு நட்சத்திரம் போட்டவர் அவர். மேல்கோட்டுகூட எடுக்காமல் படியிறங்கிப் போனார். நான் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பேருந்து நிறுத்தத்தில் நனைந்தபடி சொன்னார்.

அவருக்கு ஒரு தம்பி, நெல்சன். பக்கவாதம் வந்து இடதுபக்கம் போய்விட்டது. அக்காள் வேலைக்குப் போன நேரத்தில் இரண்டுமுறை கீழே விழுந்து, மணிக்கணக்கில் தரையிலேயே கிடந்திருக்கிறார். பிப்ரவரியில் ஒந்தினா அவரை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார். முதல் புத்தகத்தை வாங்கிவந்து அக்காளுக்குப் படித்துக் காட்டியதே அந்தத் தம்பிதான். ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார்: “ரெண்டாவது வந்துடுச்சாக்கா?”

“அச்சுல ஏதோ தகராறாம்னு அஞ்சு மாசமா சொல்லிட்டிருக்கேன்” என்றார் ஒந்தினா. “இதைப் படிச்சா அவன் யாரை நினைப்பான், சொல்லுங்க?”

நான் மேல்கோட்டை அவர் தோளில் போட்டேன். பேருந்து வந்தது. அவர் ஏறவில்லை. அடுத்ததும் வந்து போயிற்று. “நாளைக்கு எடுத்துட்டுப் போறேன்” என்றார், தெருவைப் பார்த்து.

எடுத்துப்போனார். நெல்சனால் வரிகளைப் பின்தொடர முடியாது, எழுத்துகள் மிதக்கின்றனவாம். அதனால் இவர் படிக்க, அவர் கேட்டார். பதினெட்டு அத்தியாயம் முடிய ஆறு ஞாயிறு ஆயிற்று. ஏழாவதற்கு என்னையும் வரச் சொன்னார். “நான் பாதியில நிறுத்தினா நீங்க படிங்க.”

நெல்சன் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். புத்தகத்தின் முதுகு வெடித்து, ஓரமெல்லாம் மாத்தேக் கறை. என்னிடம் கண்ணடித்தார். “அச்சுத் தகராறுல ரொம்பத்தான் அடிபட்டிருக்கு, பாத்தீங்களா?”

ஒந்தினா நிறுத்தாமல் படித்தார், யாரோ துரத்துவதுபோல. பதினொரு பக்கம். முடித்துவிட்டுத் தம்பியைப் பார்க்காமல் அட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“மோசமான அத்தியாயம்” என்றார் நெல்சன்.

“அவ விட்டுட்டுப் போனதாலயா?”

“அதில்லக்கா. பதினோரு பக்கம் அந்த சாவென் அங்கேயேதான் கெடக்கான். ராஜா பேசறான், காவக்காரன் பேசறான், அவ பேசறா. அவன்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? எழுதின ஆளுக்கு அவன் ஒரு மூட்டை.”

ஒந்தினா அட்டையைத் தேய்ப்பதை நிறுத்தினார். “கேட்டிருந்தா… என்ன சொல்லியிருப்பான்?”

“அவனைப் பத்தி எனக்கென்ன தெரியும்?” பாதி வாயால் சிரித்தார். “நானா இருந்தா, ஞாயித்துக்கிழமை மட்டும் பத்தாது, வியாழக்கிழமையும் வான்னு சொல்லியிருப்பேன்.”

“கோவம் இல்லையா தம்பி?”

“இருக்கு. பிப்ரவரியில நெறைய இருந்துச்சு. இப்பவும் இருக்கு. இருபதாவதைப் படி.”

படிக்க முடியவில்லை. ஊழியர் ஒருவர் வந்து பார்வை நேரம் முடிந்தது, சாப்பாடு எடுத்துவைத்தாயிற்று என்றார். ஒந்தினா இருபதாம் அத்தியாயத்தைப் பிரித்து, தம்பியின் நல்ல கையை எடுத்து அதன் கட்டைவிரலை அந்தப் பக்கத்தில் வைத்து, அதன்மேல் புத்தகத்தை மெதுவாக மூடினார்.