தமிழ்ச் சோதனைக்கு ஒரு சாட்சி

அமெரிக்காவில் குடியேற ஒரு வழி இருக்கிறது. வேலை தருகிறோம் என்று எந்தக் கம்பனியும் அழைக்கத் தேவையில்லை. தன் துறையில் தனக்கு அசாதாரணத் திறமை உண்டு என்று நிரூபிக்கக் கூடியவர் தானே மனுக் கொடுக்கலாம். ஹூஸ்டனில் ஒரு மாநாட்டுக்குப் போனபோது இதைக் கேள்விப்பட்டேன். அதே பயணத்தில்தான் அந்தச் சோதனைச்சாலையையும் பார்த்தேன். எண்ணெய்க் கிணறு ஒன்றின் ஒரு துண்டை முழு அளவில் நிலத்துக்கு மேலே கட்டி வைத்திருந்தார்கள். இத்தனை வருடமாகக் கடலுக்கடியில் கண்ணால் காணாமல் ஊகித்துக்கொண்டிருந்த பொருளை அங்கே சுற்றி நடந்து தொட்டுப் பார்க்க முடிந்தது. திரும்பி வரும் விமானத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு வேலை வடகடலில், எண்ணெய் மேடையில். இரண்டு வாரம் அங்கே, மூன்று வாரம் டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ என்ற ஊரில், வீட்டில். கிணற்றின் இரும்புக் குழாயைச் சுற்றி ஊற்றிய சீமெந்து வயது போகப் போக வெடிக்கும். அந்த வெடிப்பு வழியே வாயு ஏறும். எந்த ஆழத்தில் வெடித்திருக்கிறது என்று அறிய, பல கிணறுகளில் குழாயையே வெளியே இழுக்க வேண்டியிருந்தது. மேலே உள்ள வால்வைக் கணக்கான இடைவெளிகளில் திறந்து மூடி, அழுத்தம் திரும்ப ஏறும் விதத்தைக் கொண்டே ஆழத்தைச் சொல்ல நான் ஒரு முறையை உண்டாக்கினேன். அதுதான் என் மனுவின் உயிர்.

சட்டத்தரணி ஹூஸ்டனில் இருக்கும் மதுரைக்காரப் பெண். என் முதல் வரைவைப் படித்துவிட்டுத் திரையில் என்னைப் பார்த்தார்.

"மேடம், எல்லா இடத்துலயும் 'நாங்கள் செய்தோம்'னு எழுதியிருக்கீங்க. செஞ்சது யாரு?"

"நான்தான்."

"அப்ப 'நான்'னு எழுதுங்க."

டென்மார்க்கில் வேலையிடத்தில் 'நான் செய்தேன்' என்று பேசுகிறவரை நான் கண்டதில்லை. ஒவ்வொரு 'நான்' எழுதும்போதும் கன்னம் சுட்டது. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்யும் என் கணவர் அதை வாங்கிப் படித்தார்.

"இது உம்மைப் பற்றித்தானோ? இவ்வளவு செய்தனீர் எண்டு எனக்கே தெரியாது."

மனு போய்ச் சில மாதத்தில் பதில் வந்தது. மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. உங்கள் முறையைப் புகழ்பவர்கள் எல்லாரும் உங்கள் கம்பனிக்காரர்கள், வெளியார் யாராவது பயன்படுத்தியதற்கு ஆதாரம் காட்டுங்கள் என்று கேட்டுக் கெடுவும் வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். என் சொல்லைக் கேட்டு முதன்முதல் வால்வைத் திறந்தவர், எங்கள் மேடையில் கிணறு துளைக்கும் வேலை செய்த டேனிஷ்காரர். அதன் பிறகு நோர்வேப் பக்கம் வேறொரு கம்பனிக்குப் போய், ஓய்வு பெற்று, எங்களுக்குக் கிட்ட ஸ்கீவ என்ற ஊரில் குடியிருந்தார். தொலைபேசியில் கேட்டதும் வரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கணவர் காரை ஓட்ட, மகளும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கராஜில் படகுக்கு வர்ணம் பூசிக்கொண்டு நின்றவர், தூரிகையைக் கீழே வைக்காமலே நான் சொன்னதைக் கேட்டார்.

"நான் நோர்வேக்குப் போன வருடமே அங்கே ஒரு கிணற்றில் வாயு ஏறியது," என்றார் டேனிஷில். "உன் முறையைச் செய்து காட்டினேன். அதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். உன் பெயர் எனக்கு வாயில் நுழையாது. தமிழ்ச் சோதனை என்று சொல்லிவிட்டேன்."

"அதை இப்போதும் செய்கிறார்களா?" என்று கேட்டேன். குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

அவர் அங்கேயே நோர்வேக் கம்பனியில் தன்னோடு வேலை செய்த ஒருவரை அழைத்து, கைபேசியைப் படகின் மேல் வைத்தார்.

"தமிழ்ச் சோதனையா?" என்றது அந்தக் குரல். "எங்கள் வேலைமுறைப் புத்தகத்திலேயே இருக்கிறது. எல்லா மேடைகளிலும் செய்கிறோம். ஏன், அதில் ஏதும் பிழையா?"

"பிழை இல்லை. அதை உண்டாக்கியவள் என் கராஜில் நிற்கிறாள்."

"தமிழ் என்பது ஏதோ எண்ணெய் வயலின் பெயர் என்றல்லவா இருந்தோம்," என்றது குரல்.

மகள் என் கையைப் பிடித்து டேனிஷில் ஏதோ கேட்கத் தொடங்கினாள். "ஓம், அம்மாதான்," என்றார் கணவர், அவள் கேட்டு முடிக்கும் முன்பே.

அன்று மாலையே அந்த டேனிஷ்காரர் இரண்டு பக்கத்துக்குக் கையால் கடிதம் எழுதித் தந்தார். நோர்வேக் கம்பனி மேலிடத்தில் அனுமதி எடுக்க வாரங்கள் போயின. கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது, இரகசிய வரிகளைக் கறுப்பாக்கி வேலைமுறைப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தின் பிரதியையும், அது என் முறைதான் என்று உறுதி சொல்லும் கடிதத்தையும் அனுப்பினார்கள். பக்கத்தின் தலைப்பில் 'தமிழ்' என்ற சொல் ரோம எழுத்தில், ஒரு எழுத்துப் பிழையோடு இருந்தது. திருத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இது போதும் மேடம்," என்றார் மதுரைக்காரர். "இப்படி ஒரு ஆதாரத்தை நான் பாத்ததே இல்லை."

மனு ஏற்கப்பட்ட செய்தி, கடலுக்குப் போக, ஹெலிகொப்டர் புறப்படும் எஸ்பியேருக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது வந்தது. மூன்று தரம் படித்துவிட்டுக் கணவரை அழைத்தேன்.

"கொஞ்சம் பொறும், ஒராளுக்குச் சாப்பாடு குடுக்கிறன்."

"ஓமெண்டிட்டாங்கள்."

கரண்டி தட்டில் விழுந்த சத்தம் கேட்டது. "உண்மையாவே?" என்றார். "இருந்திட்டுக் கதைக்கிறன்."

மகள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஒன்பதாம் வகுப்பை இங்கேதான் முடிப்பாளாம். சரி, கோடையில் போவோம் என்று தீர்மானித்தோம்.

விசா நேர்முகம் முடியும்வரை, மனு ஏற்கப்பட்டதை மேடையில் யாருக்கும் சொல்வதில்லை என்றுதான் ஹெலிகொப்டரில் ஏறினேன். இரண்டாம் நாள் காலைக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். பின்னேரம் சமையல்காரர் கேக் செய்து, இங்கே பிறந்தநாளுக்குச் செய்வதுபோல் அதன் மேல் சின்னச் சின்ன டேனிஷ் கொடிகளைக் குத்திக் கொண்டுவந்தார். ஆரஞ்சு உடுப்போடு எல்லாரும் வரிசையில் நின்று கை கொடுத்தார்கள். நான் நன்றி சொல்ல எழுந்து, பாதியில் சிரிப்பு வந்து நிறுத்த முடியாமல் போய், அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.