ஜெனரலின் சாரதி

சுவிஸின் லுசேர்ண் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு கிரேக்கர் இருந்தார். தொண்ணூறை நெருங்கியவர். நரைத்த தடித்த புருவம். சக்கர நாற்காலியைத் தள்ள யாரையும் விடமாட்டார். மூச்சு வாங்கினாலும் தானே உருட்டிக்கொண்டுதான் சாப்பாட்டுக்கு வருவார்.

ஒருநாள் தொலைக்காட்சியில், எங்கோ இராணுவம் ஆட்சியைப் பிடித்த செய்தி போனது. அவர் என்னிடம் ஜெர்மனில் சொன்னார்:

"எங்கட நாட்டிலயும் ஒரு ஜெனரல் இப்பிடிச் செய்தவர். அவர் கேணலா இருக்கேக்கையே நான்தான் அவருக்கு ட்ரைவர். அண்டைக்கு விடிய, வானொலி நிலையத்தைப் பிடிக்க அவரைக் கொண்டுபோனதும் நான்தான். பிறகு ஆட்சி கவிழ, அவரை மறியலில அடைச்சவை. என்னை ஒருத்தரும் விசாரிக்கேல்லை. நானாப் போய் என்ர பங்கைச் சொன்னன்."

"கட்டளைதானே ஐயா? நீங்கள் வாகனம் மட்டும்தானே ஓடினனீங்கள்?"

"எங்க போறமெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஓடினனான்."

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி விசாரணையில் நானும், போர்க்காலத்தில் ஊரில் ஓடிய ஒரு வாகனத்தைப் பற்றிச் சொன்னேன். "நான் ட்ரைவர் மட்டும்தான். பின்னால என்ன ஏத்தினவையெண்டு தெரியாது."

எனக்குத் தெரியும்.

அன்று அவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே நடந்தேன்.